தழும்பு விழுந்த மிளகாய்

கெங்கம்மாவுக்கு எந்த விஷயத்திலும் சந்தேகம் என்பதே கிடையாது. இது நல்ல குணமா, கெட்ட குணமா என்பதில் திருவொற்றியூருக்கு வடக்கே இருந்த அந்தக் குப்பத்தில் இரண்டு கட்சி இருந்தது. இன்றைக்கு மழை வரும் என்று அவள் சொல்லிவிட்டால் வந்தே ஆக வேண்டும். வராமல் போனால், எங்கேயோ பெய்துவிட்டு வருகிறது, தூரம் இல்லையா என்பாள். அவளோடு பேசி ஜெயித்ததாகச் சொல்லிக்கொள்ள அங்கே ஒரு ஆள் இல்லை, கட்டின புருஷன் வேலப்பன் உட்பட.

அவள் பிறந்தது எண்ணூர்க் கழிமுகத்தில், முகத்துவாரக்குப்பத்தில். பதினாறு வயதில் வாக்கப்பட்டு இங்கே வந்தாள். வேலப்பன் கடலுக்குப் போகிறவன் இல்லை. ராயபுரத்துக்கு அப்பால் துறைமுகத்தில் சரக்குப் படகில் வேலை. ஆகவே வீட்டில் மீனைத் தொட்டுப் பிழைத்தவள் கெங்கம்மா ஒருத்திதான். விடியலில் கரையில் மீன் எடுத்துக் கூடையைத் தலையில் ஏற்றினால், ராயபுரம் கல்மண்டபம் வரைக்கும் நடந்துபோய் விற்று முடித்துவிட்டுத்தான் இறக்குவாள். அப்படிப் பதினோரு வருஷம் நடந்தாள்.

பன்னிரண்டாம் வருஷம் ஒரு நாள், கரைவலை இழுக்கிறவர்களுக்குக் கைகொடுக்க முழங்கால் தண்ணீரில் இறங்கினவள், மணலில் புதைந்து கிடந்த ஒரு திருக்கை மீனை மிதித்துவிட்டாள். அதன் முள் இடது பாதத்தில் ஏறி முறிந்தது. மூன்று மாசம் பாயில் கிடந்தாள். கால் பிழைத்தது, ஆனால் பாதம் தரையில் சமமாகப் பதியவில்லை. நூறடி நடந்தால் நின்று மூச்சு வாங்க வேண்டும். கல்மண்டபம் என்ன, பக்கத்துச் சந்தைக்குக்கூடக் கூடை தூக்க முடியாது என்று ஆகிவிட்டது. எதிர்வீட்டுக் குப்பம்மா வந்து உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள்.

"எதுக்குடி அழுவுற? காலுதானே போச்சு. கையி ரெண்டும் கீதே" என்றாள் கெங்கம்மா.

அந்தக் கைகளை வைத்துக்கொண்டு அவள் செய்த காரியம்தான் ஊரையே சிரிக்க வைத்தது. குப்பத்தின் ஒரே நல்லதண்ணீர்க் கிணற்றை ஒட்டி ஒரு மேடு இருந்தது. எத்தனையோ வருஷமாக மீன் குடலையும் செதிலையும் புதைத்துப் புதைத்து, மேலே மணல் இருந்தாலும் ஒரு சாண் தோண்டினால் கருப்பு மண். ஊருக்குப் பொதுவான இடம், யாரும் சீந்தாத இடம். அதில் கெங்கம்மா கத்தரி போட்டாள், கீரை போட்டாள், மிளகாய் போட்டாள். மீன்காரி மண்வெட்டி பிடிக்கிறாளே என்று கரையில் வலை பிரிக்கிறவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்தவர்கள் வீட்டுக் குழம்புக்கே ஆறு மாசத்தில் அவள் கத்தரிக்காய் போய்ச் சேர்ந்தது.

யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டாள். முதல் வருஷம் ஊசி மிளகாயையும் குண்டு மிளகாயையும் பக்கத்துப் பக்கத்தில் நட்டு, பழுத்ததிலிருந்து விதை எடுத்து மறுவருஷம் போட்டாள். வந்தது ஊசியும் இல்லை, குண்டும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் காரம் கெட்ட ஏதோ ஒன்று. நான்கு நாள் செடியருகிலேயே உட்கார்ந்து பார்த்தாள். வண்டு இந்தப் பூவில் உட்கார்ந்து எழுந்து அந்தப் பூவுக்குப் போவதைக் கண்டுபிடித்தாள். அன்றிலிருந்து ஒரு ஜாதிக்கும் இன்னொரு ஜாதிக்கும் நடுவே ஆளுயர ஆமணக்கை வேலியாக வளர்த்தாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறில் மேட்டுத் தோட்டத்துக்கு வயது ஐந்து. அவளுக்கு அதை விட்டால் வேறு பிழைப்பு இல்லை, வேறு பெருமையும் இல்லை.

அந்த வருஷம் வைகாசியில்தான் இன்னாசி வந்து சேர்ந்தான். அவன் உண்மைப் பெயர் இக்னாசியோ. ஒரு சரக்குக் கப்பலில் பண்டாரி, அதாவது சமையல்காரன். ஊர் மெக்சிகோவில் ஹலாப்பா. இக்னாசியோ என்று வேலப்பனுக்கு வாயில் வரவில்லை. ராயபுரத்தில் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், வீட்டுக்கு வீடு ஒரு இன்னாசி இருக்கும்போது இவனும் ஒரு இன்னாசியாக இருந்துவிட்டுப் போகட்டுமே என்று அப்படியே கூப்பிட்டான். கப்பல் துறைமுகத்தில் பத்து நாள் நின்றது. வேலப்பன் கொண்டுபோன கத்தரிக்காயை இன்னாசி வாங்கினான். உப்புக்காற்று அடிக்கிற மணலில் இப்படி ஒரு காய் காய்ப்பது யார் கையில் என்று கேட்டான். என் வீட்டுக்காரி என்றான் வேலப்பன். மறுநாள் ஒரு ஜட்காவில் ஏறி ஆளே வந்து நின்றான்.

தோட்டத்தை மூன்று சுற்றுச் சுற்றினான். ஆமணக்கு வேலியைக் காட்டி எதற்கு என்று சாடையில் கேட்டான். கெங்கம்மா ஒரு விரலை வண்டாக்கிப் பறக்கவிட்டுக் காட்டினாள். இன்னாசி அவளை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து மூன்று காகிதப் பொட்டலங்களை எடுத்தான். வேலப்பனுக்குத் தெரிந்த கப்பல் இந்துஸ்தானியும் இன்னாசிக்குத் தெரிந்த கப்பல் இந்துஸ்தானியும் ஒருவாறு கலந்து விஷயம் வெளியே வந்தது.

"இது இவங்க ஊரு மொளகாயாம், மூணு தினுசு" என்றான் வேலப்பன். "இத்த ரெண்டு வருஷமா பையில வெச்சிகினு சுத்துறானாம். கொழும்புல ஒருத்தன் கையில குடுத்தானாம், ரங்கூன்ல குடுத்தானாம். ஒண்ணும் மொளைக்கலியாம். ஒம்போது மாசத்துல கப்பலு திரும்பி இங்கதான் வருதாம். அன்னிக்குக் காயி வெச்சிருப்பியான்னு கேக்குறான்."

"வெச்சிருப்பேன்னு சொல்லு."

"அவங்களுக்கே மொளைக்கலையே கெங்கா."

"அவங்களுக்குத் தெரியல. எனக்குத் தெரியும்னு சொல்லு."

வேலப்பன் சொன்னான். இன்னாசி சிரித்துக்கொண்டே ஒரு பொட்டலத்தைத் தட்டி, தன் கட்டைவிரலை நீட்டிக் காட்டினான். இவ்வளவு நீளம், இதைவிடக் கொஞ்சம் பருமன், பச்சையாகவே பறிக்கலாம் என்பது அதற்கு அர்த்தம். இன்றைக்குப் புட்டியில் வட்ட வட்டமாக நறுக்கிப் போட்டு ஹாலபீனோ என்று விற்கிறார்களே, அந்த ஜாதிதான். அன்றைக்குச் சென்னைப் பட்டணத்தில் அதன் பேரைக் கேட்டவர்கள் பத்துப் பேர் இருந்திருக்க மாட்டார்கள்.

இது நடந்து இரண்டு மாசம் போயிருக்காது, ஆடியில் ஊர்க் கூட்டம் கூடியது. அந்த வருஷம் நெத்திலி அள்ளிக் கொட்டியது, கருவாடு காயப்போட இடம் போதவில்லை. ஊர்த் தலைவரான நாட்டார் கிருஷ்ணப்பன் கிணற்று மேட்டைக் கைகாட்டினார். மேடான இடம், காற்று நன்றாக வரும், கருவாட்டுத் தளத்துக்கு அதைவிட வாகான இடம் கிடையாது.

கிருஷ்ணப்பன் கெட்ட மனுஷர் இல்லை. வேலப்பனுக்குத் தாய்வழி மாமன், அதனால் கெங்கம்மாவுக்கும் மாமாதான். பத்து வயதில் அவருக்குப் பெரியம்மை போட்டது. அதே வாரத்தில் அண்ணன் தம்பி இருவரையும் வாரிக்கொண்டு போன அம்மை இவரை மட்டும் விட்டுவிட்டு, முகம் முழுக்கக் குழி வைத்துவிட்டுப் போனது. ஐம்பது வயதிலும் வெளியாள் யாராவது வந்தால் தோள்துண்டு தானாகக் கன்னத்துக்கு ஏறிவிடும். அவர் முகத்தைப் பற்றி அந்தக் குப்பத்தில் ஒருவரும் வாயைத் திறந்ததில்லை.

கூட்டத்தில் கெங்கம்மா எழுந்து நின்றாள். "நாலு கத்திரிக்காக்காவ நான் கேக்கல மாமா. கப்பக்காரன் வந்து வெத குடுத்துட்டுப் போயிருக்கான். ஊருக்கே பேரு வரும். மேட்ட என்னாண்ட வுட்டுடு."

"கப்பக்காரன் குடுப்பான், போவான். திரும்பி வருவான்னு இன்னா நிச்சயம்?" என்றார் கிருஷ்ணப்பன்.

"வருவான்."

"வெத மொளைக்கும்னு இன்னா நிச்சயம்?"

"மொளைக்கும்."

கூட்டம் சிரித்தது. கிருஷ்ணப்பனும் சிரித்தார். ஆனால் பொதுவில் ஒரு பெண்பிள்ளை கேட்டுவிட்டாள், இல்லை என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. "சரி, மாசி மகம் வரைக்கும் தவணை. அதுக்குள்ள கப்பக்காரன் வந்து உன் கையால வெளைஞ்ச மொளகாய எடுத்துகினு போனான்னா, மேடு உன் ஆயுசுக்கும் உன்னுது. இல்லேன்னா மறாநாளே தளம் போடுவோம்" என்றார். கெங்கம்மா சரி என்றாள். அவளுக்கு அது ஏற்கெனவே ஜெயித்த பந்தயம்.

ஆவணிக் கடைசியில் விதை போட்டாள். மூன்று பொட்டலத்தையும் கலக்காமல் சாம்பலில் தனித்தனியாகப் புரட்டி, மூன்று உடைந்த பானைகளில் போட்டாள். எட்டாம் நாள் ஒரு பானையில் பச்சை தெரிந்தது. பத்தாம் நாள் இன்னொன்று. மூன்றாவது பானை பதினைந்து நாளாகியும் அசையவில்லை. அதைக் கிளறி, இருந்த விதையைப் பொறுக்கி எடுத்து, ஈரத்துணியில் முடிந்து, இடுப்புச் செருகலில் வைத்துக்கொண்டாள். சமைக்கும்போதும் அங்கேதான், படுக்கும்போதும் அங்கேதான். வேலப்பன், குழந்தை இல்லாத குறையை மிளகாய் தீர்க்கிறதோ என்று கேட்டான். வேறு யாராவது கேட்டிருந்தால் நடந்திருப்பதே வேறு. ஒன்பதாம் நாள் முடிச்சை அவிழ்த்தாள். ஐந்து விதை வெள்ளையாக மூக்கை நீட்டியிருந்தது.

"பாத்தியா" என்றாள். வேலப்பன் பார்த்தபோது அவள் கண் கலங்கியிருந்தது.

ஐப்பசியில் மேட்டின் மூன்று மூலையில் மூன்று ஜாதியையும் நட்டாள். நடுவில் ஆமணக்கு. ஊர்க்காரர்கள் பேர் கேட்டார்கள். இன்னாசி சொன்ன பேர் அவளுக்கு நினைவில்லை, தானே வைத்தாள். பருத்துக் குட்டையாக வளர்ந்தது தொப்பை. நீண்டு வளர்ந்தது நெட்டை. இடுப்பில் பொரித்த ஐந்து செடி தண்டிலேயே கருநீலம் கலந்து வந்தது, அது கருப்பி. கார்த்திகையில் மூன்று நாள் காற்றும் மழையும் சேர்ந்து அடித்தது. கடல் எழும்பி எழும்பித் தெறித்ததில் இலையெல்லாம் உப்பு படிந்தது. மழை விட்ட காலையில் கிணற்றிலிருந்து நல்லதண்ணீர் மொண்டு, ஒவ்வொரு இலையாகக் கழுவினாள். நொண்டிக் காலோடு எத்தனை குடம் என்று குப்பம்மா எண்ண ஆரம்பித்து, நாற்பதில் விட்டுவிட்டாள்.

மார்கழி முடிவதற்குள் செடி கொள்ளாத காய். தொப்பையும் நெட்டையும் பளபளவென்று பச்சை. கருப்பி கிட்டத்தட்டக் கத்தரிக்காய் நிறம். கெங்கம்மா ஒரு தொப்பையைக் கடித்துப் பார்த்தாள். நம்ம மிளகாய் மாதிரி எடுத்த எடுப்பில் காதைப் பிடித்து இழுக்கவில்லை. சாவகாசமாக ஏறி, சாவகாசமாக இறங்கியது. சோக்காக் கீது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பதமான பச்சையாகப் பறித்துக் கொடுக்கக் கப்பல் வர வேண்டியதுதான் பாக்கி.

தை பிறந்து ஒரு வாரம். தண்ணீர் மொள்ள வந்த குப்பம்மா வேலிப்பக்கம் குனிந்து பார்த்தவள் குடத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். தொப்பையின் தோலில் வெள்ளை வெள்ளையாகக் கோடு. மேலே இருந்த காயெல்லாம் அப்படித்தான். பளபளப்புப் போய், கீறிக் கீறி, பொருக்குத் தட்டி, தடிப்புத் தடிப்பாக இருந்தது.

"ஆத்தா வந்துகீறா. செடிக்கு ஆத்தா வந்துகீறா" என்று அவள் சொல்லிக்கொண்டு போனது கால்மணி நேரத்தில் குப்பம் முழுக்கப் பரவியது.

அந்த வருஷம் காசிமேட்டுப் பக்கம் இரண்டு வீட்டில் அம்மை கண்டிருந்தது. அந்தப் பயம் எல்லோருக்கும் ஏற்கெனவே இருந்தது. கிருஷ்ணப்பன் வந்தார். வேலிக்கு வெளியே நின்று அந்தத் தடிப்புகளைப் பார்த்தார். கெங்கம்மா ஒரு காயைப் பிளந்து, உள்ளே எவ்வளவு சுத்தமாக இருக்கிறது பார் என்று காட்ட வாயெடுத்தாள். ஆனால் அவர் ஓர் அடி பின்வாங்குவதைப் பார்த்ததும் சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டாள். அவள் அப்படி விழுங்கிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

மேட்டைச் சுற்றி வேப்பிலைக் கயிறு கட்டினார்கள். கிணற்றடியில் எண்ணெய் வைத்துத் தாளிக்கக் கூடாது. யாரும் ஒரு காயைக்கூடப் பறிக்கக் கூடாது. ஏழாம் நாள் ஒரு தண்ணீர், அதற்குப் பிறகு ஒன்று. மாசி மகத்தன்றைக்குச் சாமியெல்லாம் கடலுக்குப் போகும்போது மூன்றாம் தண்ணீர் ஊற்றி ஆத்தாளை வழியனுப்ப வேண்டும், அதற்கு மேல்தான் கை வைக்கலாம் என்று கிருஷ்ணப்பன் தீர்த்துச் சொன்னார்.

"மாமா, மாசி மகம்தானே எனக்குத் தவணை?"

"ஆத்தா முன்னாடி தவணை இன்னா தவணை?" என்றார் அவர். கோபத்தில் சொல்லவில்லை, பயத்தில் சொன்னார். கெங்கம்மாவுக்கு அது புரிந்தது, புரிந்ததால்தான் அவளால் சண்டை போட முடியவில்லை.

காய்கள் கயிற்றுக்குள்ளேயே நின்றன. பறிக்க ஆள் இல்லாத காய் என்ன செய்யும், பழுக்கும். பச்சை கறுத்தது, கறுப்பு சிவந்தது. சிவக்கச் சிவக்கத் தழும்பு இன்னும் கூடியது. பச்சையாக வேண்டும் என்று இன்னாசி விரலைக் காட்டியது அவளுக்கு நினைவு வந்துகொண்டே இருந்தது. இருந்தாலும் குப்பம்மா வந்து, "அவ்ளோதானாடி?" என்று கேட்டபோது, "மாசி மகத்துக்கு இன்னும் நாளு கீது" என்றுதான் சொன்னாள்.

மாசி மகத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது வேலப்பன் மத்தியானத்திலேயே வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். கப்பல் வந்துவிட்டது. இன்னாசி படியிலேயே நின்று, மிளகாய் எங்கே என்றுதான் முதலில் கேட்டானாம். ஆனால் இந்தத் தடவை சரக்கு கொஞ்சம்தான், மூன்றாம் நாள் காலை கப்பல் கிளம்பிவிடும்.

"பேஜாரா பூடுச்சு கெங்கா. மூணாந் தண்ணிக்கு முன்னாடியே கப்பலு பூடும். நான் இன்னா சொல்லட்டும் அவனுக்கு?"

கெங்கம்மா வேப்பிலைக் கயிற்றைப் பார்த்தாள். கயிற்றை அறுத்துவிட்டுப் பறித்தால் யாரும் அவள் கையைப் பிடித்துத் தடுக்கப் போவதில்லை. ஆனால் நாளைக்கு ஒரு பிள்ளைக்கு அம்மை வந்தால் குப்பம் முழுக்க அவள் தலையில்தான் போடும். கிருஷ்ணப்பன் தூங்கவே மாட்டார். அது வேண்டாம். வேறு வழி இருந்தே தீர வேண்டும்.

"நாளிக்கு காலையில அவன இங்க கூட்டிகினு வா" என்றாள். "மாமாவ நான் கூட்டியாறேன்."

மறுநாள் ஜட்கா வந்து நின்றபோது குப்பமே கிணற்றடியில் கூடியிருந்தது. வெள்ளைக்காரன் மாதிரியும் இல்லாமல் நம்ம ஆள் மாதிரியும் இல்லாமல் தொப்பியோடு ஒருவன் இறங்கவும், கிருஷ்ணப்பனின் துண்டு கன்னத்துக்கு ஏறியது. இன்னாசி கயிற்றுக்கு வெளியே நின்று செடிகளைப் பார்த்தான், வேப்பிலையைப் பார்த்தான். ஒன்றும் புரியாமல் வேலப்பனைப் பார்த்தான். வேலப்பன், சற்றுப் பொறு என்று கையைக் காட்டினான்.

"மாமா, ஒண்ணு கேக்குறேன். ஆத்தா எறங்கிட்டான்னு எத்த வெச்சு சொல்லுவ?" என்றாள் கெங்கம்மா.

"இது இன்னா கேள்வி? தடிப்பு காயணும். நீரு வத்தி, பொருக்கு தட்டணும்."

"காஞ்சிருச்சுன்னு யாரு தொட்டுப் பாக்கலாம்?"

அம்மை வந்து பிழைத்தவர்களைத்தான் நோயாளிக்குப் பக்கத்தில் இருக்க விடுவார்கள், அவர்களை ஆத்தா மறுபடி தொடமாட்டாள். குப்பத்தில் அப்படிப் பிழைத்தவர் கிருஷ்ணப்பன் ஒருவர்தான்.

"நீதான் தொடணும்" என்றாள் கெங்கம்மா. "உள்ள போ மாமா. போயி ஒரு கையால உன் கன்னத்தத் தொடு, ஒரு கையால காயத் தொடு. ரெண்டும் ஒண்ணா இல்லியான்னு நீயே சொல்லு. ஆத்தா வந்துட்டுப் போயி நாப்பது வருஷமான மொகத்துக்கு யாராச்சும் இன்னும் வேப்பில கட்டி வெச்சிருக்காங்களா?"

குப்பம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். நாற்பது வருஷமாக ஒருவரும் சொல்லாததை இவள் ஊர் கூடிய இடத்தில், அதுவும் அயலான் ஒருவன் முன்னால் சொல்லிவிட்டாள். வேலப்பனுக்குத் தரை பிளந்து தன்னை உள்ளே வாங்கிக்கொள்ளாதா என்று இருந்தது. சொன்ன கெங்கம்மாவுக்கும் பயம்தான், அதை நான் மறைப்பானேன். ஆனால் அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை.

கிருஷ்ணப்பன் கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே போனார். துண்டை விலக்கினார். கட்டைவிரலால் தன் கன்னத்தை ஒரு தடவை தடவினார். அதே விரலால் பழுத்த தொப்பை ஒன்றைத் தடவினார். நகத்தால் கீறிப் பார்த்தார், ஈரம் இல்லை. பக்கத்துச் செடியைத் தொட்டார், அதற்கடுத்ததையும் தொட்டார்.

"காஞ்சிதான் கீது" என்றார் கடைசியில். "எறங்கிட்டா. தண்ணி கொண்டாங்க."

மஞ்சளும் வேப்பிலையும் போட்ட குடத்தை அவரே வாங்கி, மூன்று மூலையிலும் செடிக்குச் செடி ஊற்றினார். ஊற்றி முடித்துவிட்டுக் கயிற்றையும் அவரே அவிழ்த்தார்.

இன்னாசி அதற்குமேல் பொறுக்கவில்லை, உள்ளே பாய்ந்தான். நெட்டையில் வழவழவென்று தழும்பில்லாமல் நின்ற காய்களை ஒதுக்கிவிட்டு நேரே தொப்பைக்குப் போனான். அதிலும் தழும்பு நிறைந்ததாகப் பார்த்துப் பொறுக்கினான். ஒன்றைக் கடித்தான், கண்ணை மூடிக்கொண்டான். கெங்கம்மாவால் அடக்கிக்கொள்ள முடியவில்லை. பச்சையாகக் கேட்டவன் இதை ஏன் எடுக்கிறான், கேள் என்று வேலப்பனை முடுக்கினாள். வேலப்பன் கேட்டான். இன்னாசி பழத்தை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நீளமாகப் பதில் சொன்னான்.

"பச்சை வழியில எங்கியாச்சும் அழுவிப் பூடுமாம். இது செடியிலயே முத்தினதாம், பொகையில வாட்டி வெச்சா வருஷத்துக்கும் கெடாதாம். தழும்பு விழுந்ததுதான் நல்ல காயின்னு அவங்க ஊர்ல பொறுக்கி எடுப்பாங்களாம். சும்மா வழவழன்னு கீறதுக்கு இன்னும் வயசு பத்தாதாம்" என்றான் வேலப்பன்.

கிருஷ்ணப்பன் அவிழ்த்த கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

"இன்னா சொன்னான்? இன்னொரு வாட்டி கேளு."

வேலப்பன் இன்னொரு தடவை கேட்டான். இன்னாசி அதையே இன்னொரு தடவை சொன்னான்.

பிறகுதான் அவன் கருப்பியைப் பார்த்தான். ஐந்து செடி, ஒவ்வொன்றிலும் கருநீலமும் சிவப்புமாகப் பழம். பறிக்காமல் முதலில் வெறுமனே எதிரில் உட்கார்ந்துவிட்டான். அது அவன் ஊரிலேயே அவன் வீட்டுக் கொல்லையில் மட்டும் இருந்த ஜாதியாம், இப்போது அங்கேயும் இல்லையாம். எப்படி முளைக்க வைத்தாள் என்று கேட்டான். வேலப்பன் தன் இடுப்பைத் தட்டிக் காட்டினான். இன்னாசி தொப்பியைக் கழற்றிக்கொண்டு கெங்கம்மாவைப் பார்த்துக் குனிந்தான். கெங்கம்மா, இதெல்லாம் எதுக்கு, சொன்னேனில்ல என்றாள்.

கூடை நிறையப் பழம் ஜட்காவில் ஏறியது. ஜட்கா மறைந்ததும் கிருஷ்ணப்பன் திரும்பி, "கருவாட்டுத் தளத்த தெக்கால போடுங்க" என்றார். செடியில் மிச்சம் விட்ட பழத்தின் விதையிலிருந்து கெங்கம்மா பதினெட்டு வருஷம் மூன்று ஜாதியையும் கலப்பில்லாமல் வளர்த்தாள். துறைமுகத்துக்கு வருகிற கப்பல் பண்டாரிகளில் பாதிப் பேருக்கு அவள் தோட்டத்து வழி தெரியும். பச்சையாக வேண்டும் என்று எவனாவது கேட்டால், உனக்கு இன்னும் வயசு பத்தாது என்று தமிழிலேயே சொல்லி அனுப்புவாள்.

அதெல்லாம் பிற்பாடு. அந்த வருஷத்து மாசி மகத்தன்றைக்குச் சாமிகள் கடலுக்கு வந்தன. திருவொற்றியூர் முழுக்கக் கரையில்தான் இருந்தது, எங்கு பார்த்தாலும் அயலூர் ஜனம். கெங்கம்மா கால் வலியோடு மணலில் ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். நாட்டார் என்ற முறையில் கிருஷ்ணப்பன் கூட்டத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். வெயில் அவர் முகத்தில் நேராக விழுந்துகொண்டிருந்தது. துண்டு தோளிலேயே கிடந்தது.

"மாமா, வெயிலு ஜாஸ்தி, துண்டப் போத்திக்கோ" என்றாள் கெங்கம்மா, வேண்டுமென்றே.

"வேணாம், இருக்கட்டும்" என்றார் கிருஷ்ணப்பன்.